வாரிசு முட்டைகள்

தேசம்மாளின் புருஷன் கோதண்டன் படகு கவிழ்ந்து செத்து, காரியமெல்லாம் முடிந்து, அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்து ஊருக்குப் பழகியும் போன பிறகு, ஒரு மத்தியானம், கடலோடு சேர்ந்த எங்கள் ஏரியில் தண்ணீர் ஏறும் நேரமாகப் பார்த்து, உளுவை மீனாகத் திரும்பி வந்தான். உளுவையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: விரல் நீளம், சேற்று நிறம், தலை உச்சியில் துருத்திய கண், தண்ணீரில் நீந்துவதைவிடச் சேற்றில் துள்ளுவதில்தான் அதற்கு இஷ்டம். அப்படி ஒன்று தேசம்மாளின் தொகுப்பு வீட்டுக்குள் நுழைந்து, கஞ்சிப் பானையை எட்டிப் பார்த்து, சுவரில் துடுப்பை ஊன்றி ஊன்றி ஏறி, மேல்தளத்தில் போய்த் தலைகீழாக ஒட்டிக்கொண்டது. வந்தவன் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை பேசாமல் பானையைத்தான் முதலில் பார்த்தான் என்று கேட்டதுமே, அது கோதண்டன்தான் என்பதில் எங்கள் நண்டங்குப்பத்தில் ஒருத்தருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

நான் பஞ்சாயத்துத் தலைவர் கன்னியப்பனின் பெண்டாட்டி. ஊர்க்கூட்டத்தில் பெண்கள் உட்காரக் கூடாது. ஆனால் கூட்டத்துக்கு டீ கொண்டுபோகலாம். அதனால் எங்கள் ஊரில் நடந்த எல்லா நியாயத்தையும், எல்லா அநியாயத்தையும், தூக்குப்போசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே கேட்டவள் நான். எனக்கு யார்மேலும் கோபம் கிடையாது. இருந்தால் இப்படிச் சிரித்துக்கொண்டு சொல்வேனா?

மறுநாள் நான் போய்ப் பார்த்தபோது மேல்தளம் முழுக்க முட்டை. ஜவ்வரிசியை ஒட்டவைத்த மாதிரி, ஒவ்வொன்றும் ஒரு நூலிழையில் தொங்கிக்கொண்டு, மின்விசிறிக் கொக்கியைச் சுற்றிக் கூட இடம் விடாமல் ஒட்டியிருந்தது. தேசம்மாள் கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி இது?"

"தெரிலக்கா. நா சேத்துல எறா தடவிட்டு வரதுக்குள்ள எவளோ வந்து வெச்சுட்டுப் போயிருக்கா. செத்தும் இவுருக்குப் புத்தி வர்ல."

அந்த எவளோ யார் என்று கண்டுபிடிக்கிற வேலையில் எங்கள் ஊர்ப் பெண்கள் கொஞ்ச நாள் சோறு தண்ணி மறந்தோம். பிறகுதான் நண்டு பிடிக்கிறவர்கள் விவரம் சொன்னார்கள். உளுவையில் பொம்பளை முட்டையை ஒட்டிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விடுவாளாம். பொரிகிற வரைக்கும் உட்கார்ந்து பார்த்துக்கொள்வது ஆம்பளையாம். சேற்றுக்குள் வளை தோண்டி, வளையின் கூரையில் முட்டையை வைத்து, முட்டைக்கு மூச்சு முட்டக் கூடாது என்று வாய் நிறையக் காற்றை மொண்டு மொண்டு கொண்டுபோய் உள்ளே விடுமாம். இதைக் கேட்டதும் நாங்கள் அந்தப் பொம்பளையைத் திட்டுவதை நிறுத்திவிட்டோம். சிலர் அவளை நினைத்துப் பெருமூச்சுகூட விட்டார்கள்.

கோதண்டனும் அப்படித்தான் செய்தான். உயிரோடு இருந்தபோது ஒரு குடம் தண்ணீர் மொண்டு வைத்தவன் இல்லை. இப்போது சுவரைப் பிடித்து இறங்குவதும், வாசல் தாண்டித் துள்ளிப் போவதும், எங்கேயோ போய்க் கன்னம் உப்பக் காற்றை அடக்கிக்கொண்டு வருவதும், மேலே ஏறி முட்டைகளின் பக்கத்தில் அதை மெதுவாக விடுவதும், திரும்ப இறங்குவதுமாக, பொழுது விடிந்தால் பொழுது போனால் அதே வேலை. அம்மன் கோவிலிலிருந்து ஒரு வாய் எடுத்து வந்தால் வீட்டுக்குள் கற்பூரம் மணந்தது. ஏலக் கொட்டகைப் பக்கம் போய் வந்தால் ஐஸும் இறாலும். பள்ளிக்கூட வாசலில் மொண்டு வந்த காற்றில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதும் கொஞ்சம் கலந்து வந்தது. கொஞ்ச நாளில் தேசம்மாள் வீட்டுக்குள் இருந்த காற்று அவ்வளவு கெட்டியாக, அவ்வளவு குளிர்ச்சியாக ஆகிவிட்டது. மூச்சிரைப்புக்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து அங்கே படுத்தார்கள். குழந்தைக்குச் சளி என்றால் தூக்கிக்கொண்டு வந்து அந்த மேல்தளத்துக்குக் கீழே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். வருகிறவர்களெல்லாம் மேலே பார்த்து, "நல்லா கீறியா கோதண்டா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் படுத்தார்கள். அதற்குமேல் அதிசயப்பட எங்கள் ஊரில் யாருக்கு நேரம்?

தேசம்மாள் மட்டும் வேறு ஒன்றை யோசித்தாள்.

எங்கள் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. இறால் ஓடுகிற நல்ல நீர்வழிகள், நாங்கள் வாய் என்போம், கொஞ்சம்தான். அவற்றில் யார் எப்போது வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கி, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. பாடு ஆம்பளைக்கு உண்டு, ஆம்பளை செத்தால் மகனுக்கு உண்டு. மகன் இல்லாத பொம்பளைக்குக் கிடையாது. கோதண்டன் செத்த வாரமே அவன் பாட்டை ஊர் எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து தேசம்மாள் இடுப்பளவு சேற்றில் குந்தி, கையால் தடவித் தடவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய ஓலைப் பைக்குள், அதாவது பறிக்குள், போட்டுக்கொண்டு பிழைத்தாள். பறியைக் கவ்வியபடி எந்நேரமும் இருந்தால் பேச முடியுமா? ஊருக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது.

பறியைக் கீழே வைத்துவிட்டு அவள் ஊர்க்கூட்டத்துக்கு வந்தாள்.

"எங்கூட்டுக்காரர் வந்துட்டாரு. அவர் பாட்டைத் திருப்பிக் குடுங்க."

நான் டீ ஊற்றுவதை நிறுத்தவில்லை. எங்கள் வீட்டுக்காரர் தாடியைச் சொறிந்தார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தசரதன் தொண்டையைச் செருமினார். ஊரில் சட்டம் தெரிந்தவர் தசரதன்தான். ஒரு காலத்தில் கோர்ட்டு வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார்.

"வந்திருக்கலாம். ஆனா மீனா இல்ல வந்திருக்கான்?"

"மீனா வந்தா ஆம்பள இல்லையா?" என்றாள் தேசம்மாள். "பாடு ஆம்பளைக்குன்னுதான சொன்னீங்க. மனுசனுக்குன்னு சொன்னீங்களா?"

உளுவைக்குப் பாடு தரலாமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் இதுவரை கொடுத்த பாடெல்லாம் யார் யாருக்குப் போயிருக்கிறது என்று யோசிக்க வேண்டிவரும். ஆள் நேரில் வந்து கேட்க வேண்டும் என்று தசரதன் ஒரு பிடி பிடித்தார். முட்டையை விட்டு எப்படி வருவார் என்று அவள் கேட்டாள். கடைசியில் பஞ்சாயத்தே எழுந்து, வேட்டியை மடித்துக்கொண்டு, தேசம்மாள் வீட்டுக்குப் போய் முட்டைகளுக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தது. எங்கள் வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்து, "கோதண்டா, பாடு உனக்கு வேணுமா வேணாமா, ஊர் கேக்குது, சொல்லு" என்றார். கோதண்டன் வாயைத் திறந்தான். அப்போதுதான் கள்ளுக்கடைப் பக்கம் போய் வந்திருப்பான் போல. அந்த வாசனை வந்ததும் பஞ்சாயத்தார் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். ஆள் அவன்தான் என்று தீர்ப்பாகியது.

ஒரு கட்டுப்பாடு மட்டும் போட்டார்கள். கோதண்டன் அந்த வீட்டில் இருக்கிற வரைக்கும் பாடு உண்டு. போய்விட்டால் பாடும் போய்விடும். முட்டையைப் பார்த்துக்கொள்வதால் அவன் படகுக்கு வர வேண்டாம், அவன் பெயரில் பெண்டாட்டி வலை கட்டிக்கொள்ளலாம் என்றும் பெரிய மனசு பண்ணினார்கள். பிள்ளை பெற்ற மறுவாரமே மீன்கூடையைத் தலையில் தூக்கிய நாங்கள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

தேசம்மாள் வலை கட்டினாள். அவள் பாட்டுக்கு நல்ல இறால் விழுந்தது. வீட்டில் இரண்டு வேளை அடுப்பு எரிந்தது. ஒரு நாள் எனக்கு ஒரு சொம்பு நிறைய இறால் கொண்டுவந்து கொடுத்தாள். புதுச் சேலை கட்டியிருந்தாள். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

அந்தச் சமயத்தில்தான் தசரதனுக்கு இருமல் வந்தது. அவரும் பாயோடு தேசம்மாள் வீட்டுக்குப் போய் மல்லாந்து படுத்தார். படுத்தவர் மேலே பார்த்தார். முட்டைகள் முன்னைப்போல இல்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நூல் உடம்பு சுருண்டிருந்தது. ஒவ்வொரு உடம்புக்கும் இரண்டு கறுப்புக் கண், மினுமினு என்று, கீழே படுத்திருக்கும் தசரதனையே பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வப்போது ஒன்று முட்டைக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றி, திரும்ப அவரைப் பார்த்தது. அவர் பாயைக்கூட எடுக்காமல் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார்.

"தலைவரே, கோதண்டன் நம்ம ஊரு ஆம்பளன்னு தீர்ப்பு சொல்ட்டோம் இல்ல?"

"ஆமா."

"அப்ப மேல தொங்கறதெல்லாம் இன்னா?"

"முட்டை."

"வாரிசு, தலைவரே. அத்தினியும் வாரிசு. பொரிஞ்சு வளந்து வந்து ஆளுக்கொரு பாடு கேட்டா, உன் பேரனுக்குப் பேரன் காலத்துலதான் நமக்கு முறை வரும்."

எங்கள் வீட்டுக்காரர் கையிலிருந்த டீ ஆறிப்போகிற வரைக்கும் அப்படியே இருந்தார். நான் அவரோடு குடித்தனம் பண்ணின இத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு ஆழமாக யோசித்து நான் பார்த்ததில்லை.

தேசம்மாளுக்குச் சொல்லாமல் கூடிய கூட்டத்தில், முட்டையை வழித்துப் போட்டுவிடலாம் என்று ஒருவன் சொன்னான். உடனே எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். தினம் கூடை கூடையாக மீனைச் சாகடிக்கிற எங்கள் ஊருக்கு, கோதண்டன் பிள்ளைகள் என்றதும் பாவம் ஞாபகம் வந்துவிட்டது. அதற்கும் தசரதனிடம் வழி இருந்தது. உளுவை முட்டை தண்ணீர் வந்து மூடினால்தான் பொரியும். தண்ணீர் வரவில்லை என்றால் பொரியாது. தண்ணீர் வராதபடி பார்த்துக்கொண்டால் போதும், யாரும் யாரையும் கொன்றதாக ஆகாது.

என் வீட்டுக்கு ஒரு கரை போட்டுத் தாருங்கள் என்று முன்பெல்லாம் தேசம்மாள் வந்து கேட்காத கூட்டம் இல்லை. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் ஏரி ஏறி வந்து அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் போகும். ஆள் இல்லை, மண் இல்லை, பார்க்கலாம், அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று அவளை அலையவிட்ட அதே ஊர், இப்போது மேளத்தோடு வந்தது. வீட்டுக்கு ஒரு ஆள் வரவேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். மண் மூட்டை அடுக்கினார்கள், சவுக்குக் கழி நட்டார்கள், சேறு பூசினார்கள். வேலை செய்தவர்களுக்கு அண்டா வைத்துச் சாம்பார் சாதம். பொழுது சாய்வதற்குள் வீட்டைச் சுற்றி மார்பளவு கரை எழும்பிவிட்டது. தேசம்மாள் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லோரையும் கும்பிட்டாள். எதற்கு இந்தக் கரை என்று தெரிந்த நான் சாம்பார் அண்டாவைக் கழுவ உட்கார்ந்தேன்.

அடுத்த நாளே கோதண்டன் வேலையை மாற்றிக்கொண்டான். வெளியேயிருந்து உள்ளே கொண்டுவந்த காற்றையெல்லாம் உள்ளேயிருந்து வெளியே கொண்டுபோக ஆரம்பித்தான். மேல்தளத்தில் ஒரு வாய் மொள்வான், இறங்குவான், கரைமேல் ஏறி ஏரியைப் பார்த்து ஊதிவிட்டுத் திரும்பி வருவான். முதலில் கற்பூர வாசனை போயிற்று. பிறகு பள்ளிக்கூடச் சத்தம் போயிற்று. மூச்சிரைப்புக்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனார்கள். விளக்கு ஏற்றினால் நிற்கவில்லை. தேசம்மாள் ஒரு எட்டு உள்ளே போய் அரிசி எடுத்து வருவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். நண்டு பிடிக்கிறவர்களைக் கேட்டதற்கு, முட்டை முற்றிவிட்டால் உளுவை அப்படித்தான் செய்யும், காற்றை எடுத்துவிட்டால்தான் அந்த இடத்துக்குத் தண்ணீர் வரும் என்றார்கள். காற்றும் இல்லாமல் தண்ணீரும் வராமல் போனால் என்ன ஆகும் என்று அவள் கேட்டதும் நண்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

எங்கள் வீட்டுக்காரர் அவளிடம் நயமாகப் பேசினார். "இத பாரு தேசம்மா. முட்டை இப்பிடியே இருந்தா கோதண்டனும் மேலயே இருப்பான். அவன் இருந்தா பாடு உனக்குத்தான். வூட்லயும் தண்ணி ஏறாது. பொரிஞ்சுதுன்னா அவன் போயிடுவான். நீ திரும்பச் சேத்துல போய்க் குந்தணும். நல்லா யோசிச்சுக்க."

"யோசிக்கறேன் தலைவரே," என்றாள்.

பௌர்ணமி அன்று விடியற்காலை அவள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, மேல பாக்க முடிலக்கா. அதுங்க கண்ணு மங்கிக்கினு வருது. நேத்து சுத்தினது இன்னிக்கு சுத்தல. அவரு ஏறி ஏறி எறங்கறாரு, துடுப்பெல்லாம் தோல் உரிஞ்சு போச்சு. வேற எவளோ பெத்ததுதான், இருந்தாலும் எனக்கு வயிறு எரியுதுக்கா."

"பாடு போயிடுமேடி."

"போவும். தெரியும். திரும்பச் சேறுதான். அதுங்க இப்பிடிப் பாத்துக்கினே சாவறதுக்குக் கீழ உக்காந்து எறா துன்ன என்னால முடியாது."

அவ்வளவுதான் சொன்னாள். நான் உள்ளே போய் எங்கள் வீட்டுக்காரரின் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். ஒன்று போதாது என்று கடப்பாரையையும் எடுத்துக்கொண்டேன். ஊரே சேர்ந்து கட்டிய கரை. ஆனால் சாம்பார் சாதத்துக்காகக் கட்டியது, எவ்வளவு பலமாக இருக்கும்? நாங்கள் இரண்டு பேர் மூச்சு வாங்க வெட்டியதில் ஏரி மிச்சத்தைத் தானே தள்ளிக்கொண்டு வந்தது.

வெளியே எங்களுக்கு முழங்கால் அளவுதான் தண்ணீர். வீட்டுக்குள் காற்றே இல்லாததால் அது சுவரைப் பிடித்து ஏறி, அடுப்பை மூடி, பரணை மூடி, மேல்தளம்வரை நிரம்பி நின்றது. வாசலில் கதவு போட்ட மாதிரி தண்ணீர் செங்குத்தாக நின்றது. அதற்குள் முட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொரிந்து, கண்ணாடி நூல்கள் மாதிரி குஞ்சுகள் உதிர்ந்து, அந்த வீடே கண்ணாகிப் பளபளத்தது. பிறகு தண்ணீர் இறங்கியது. இரண்டு கண்ணைத் தவிர வேறொன்றும் தெரியாத அத்தனை உயிரும் எங்கள் கால்களுக்கு நடுவே கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டு ஏரிக்குப் போயின. கடைசியாகக் கோதண்டன் வந்தான். உடம்பெல்லாம் தேய்ந்து பாதியாகியிருந்தான். தேசம்மாள் குனிந்து அவனைப் பார்த்தாள்.

"போய்யா. ஒரு வேலையாவது ஒழுங்கா முடிச்ச," என்றாள். அவன் போனதும் தண்ணீரிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். முதல் சாவுக்கு அவள் இப்படி அழவில்லை.

அன்று மத்தியானமே கூட்டம் போட்டுப் பாட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். கரையை வெட்டிய குற்றத்துக்கு என்னையும் விசாரிக்கலாம் என்று தசரதன் சொன்னார். அப்புறம் டீ யார் போடுவது என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டதால் விட்டுவிட்டார்கள். தேசம்மாள் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.

அடுத்த சீட்டுக் குலுக்குகிற நாள் வந்தது. அம்மன் கோவில் முன்னால் மணலில் ஆம்பளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் வற்றிய நேரம். திடீரென்று ஏரிக்கரைச் சேறு முழுக்க அசைந்தது. கடலுக்குப் போய் வளர்ந்து திரும்பிய குஞ்சு உளுவைகள், ஒவ்வொன்றும் அரிசி நீளத்துக்கு, சேற்றிலிருந்து துள்ளித் துள்ளி மேடேறி வந்து, கூட்டத்துக்கு முன்னால் துடுப்பை ஊன்றி உட்கார்ந்தன. மணல் தெரியவில்லை. அத்தனை கண்ணும் தலைவரையே பார்த்தன. அவற்றுக்குப் பின்னால், இடுப்புவரை சேற்றோடு தேசம்மாள் வந்து, யாரும் சொல்லாமலே உட்கார்ந்தாள்.

"பொம்பள இங்க உக்காரக் கூடாது," என்றார் தசரதன். குரல் கொஞ்சம் உள்ளே போயிருந்தது.

"நா எனக்குக் கேக்க வர்ல. இதுங்க கோதண்டன் வாரிசுன்னு நீங்கதான் சொன்னீங்க. கரைகூட கட்டினீங்க. மகன் சின்னப் புள்ளையா இருந்தா, மீசை மொளைக்கற வரைக்கும் தாய்க்காரி பாட்டை நடத்தலாம். அது ஊர்க் கட்டுப்பாடு."

"நீ பெத்தியா? எதோ ஒரு மீனு பெத்துது."

"புருஷன் எங்க போய்ப் பெத்தாலும் மொத சம்சாரம்தான் தாய்க்காரின்னு தீர்ப்பு கீது. உங்க சின்னூட்டுப் பையன் பாடு கேட்டப்ப நீங்களே வாங்கின தீர்ப்பு."

எங்கள் வீட்டுக்காரர் எழுந்து நின்று, குஞ்சுகளை ஒரு தரம் பார்த்து, திரும்ப உட்கார்ந்தார்.

"இதுல எத்தினி ஆம்பள, எத்தினி பொம்பள?"

"பாத்து எண்ணிக்குங்க தலைவரே. நா காத்துக்கினு இருக்கேன்."

எண்ண ஆரம்பித்த இரண்டு பேர் கொஞ்ச நேரத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். அதன் பிறகு நியாயம் மளமளவென்று நடந்தது. இத்தனை வாரிசுக்கும் பாடு கொடுத்தால் ஊர் அழிந்துபோகும். ஆகையால் வாரிசுகள் எல்லோரும் தங்கள் உரிமையை விட்டுக்கொடுப்பதாக இருந்தால், தேசம்மாளுக்கு, அவள் பெயரிலேயே, அவள் சாகிற வரைக்கும் ஒரு பாடு. அவள் குஞ்சுகளைத் திரும்பிப் பார்த்து, "சரியா?" என்று கேட்டாள். அவை சேற்றுக்குத் திரும்பிப் போயின. பொம்பளை பெயருக்குச் சீட்டுக் குலுக்கியது எங்கள் ஊரில் அதுதான் முதல் தடவை. நல்ல வாயாகவே விழுந்தது.

அதோடு முடிந்தது என்று பஞ்சாயத்தார் நினைத்துக்கொண்டார்கள். அதற்கடுத்த சீட்டு நாளில் ஊரில் புருஷனைப் பறிகொடுத்த பெண்கள் எல்லோரும், எங்கள் ஊரில் அவர்களுக்குப் பஞ்சமில்லை, ஆளுக்கொரு சட்டியில் சேற்றை அள்ளிக்கொண்டு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு சட்டிச் சேற்றிலும் விரல் நுழைகிற மாதிரி ஒரு வளை.

"மீன் எங்கம்மா?" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"உள்ள கீறாரு. வெக்கப்படறாரு," என்றாள் முதலில் உட்கார்ந்திருந்தவள். விரலை விட்டுப் பார்க்கப் பஞ்சாயத்தில் ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை.

அவர் அப்படியே வரிசையைப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். என் மடியிலும் ஒரு சட்டி இருந்தது.

"நான் உசுரோடதானடி இருக்கேன். நீ இன்னாத்துக்கு வந்த?"

"நீங்க அவசரப்படாதீங்க," என்றேன். "இடம் புடிச்சு வைக்கத்தான் வந்தேன்."